சேலை விற்கும் தளத்துக்குக் கோயில் நேரம் கேட்டு வந்தவர்கள்

நான் படித்த கல்லூரியின் கணினித் துறையில் ஆண்டு மலர் கொண்டுவருகிறார்கள். அதில் ‘பணி ஓய்வு பெற்றோர் அனுபவங்கள்’ என்று ஒரு பகுதி. அதற்குக் கட்டுரை கேட்டு ஒரு மாணவி என் வீட்டுக்கு வந்தாள். எனக்கு முப்பத்திரண்டு வயதுதான் ஆகிறது என்று சொன்னேன். “தொழிலை விட்டுட்டீங்கல்லாக்கா, அப்போம் ரிட்டயர்டுதானே?” என்றாள். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் மறுக்கவும் முடியவில்லை. பத்து வருடம் நான் செய்த வேலையைச் செய்ய இப்போது எனக்கே வழியில்லை.

அது என்ன வேலை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இணையதளத்துக்கு விளம்பரக் காசு இல்லாமல் ஆள் வரவைப்பது. ஒருவர் தேடுபொறியில் எதையோ தட்டித் தேடுகிறார். அப்போது வருகிற பட்டியலில் நம் பக்கம் முதல் சில வரிகளுக்குள் வர வேண்டும். அதுவும் கண்டவருக்கும் வரக்கூடாது; நம் சரக்கு யாருக்குத் தேவையோ அவர் தேடும்போது வர வேண்டும். முதல் பாதியை யாரும் மூன்று மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். இரண்டாம் பாதிக்காகத்தான் நான் பத்து வருடம் ஊரோடு சண்டை போட்டேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா சேலைக் கட்டுகளை மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக் கடைகளுக்குக் கொண்டுபோகிறவர். அம்மா பூக் கட்டுவாள். என் வேலையைப் பற்றிக் கேட்கிறவர்களிடம் அம்மா, “கம்ப்யூட்டர்ல கடைக்கு ஆள் கூப்பிடுத வேலை” என்பாள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள், “பஸ் ஸ்டாண்டுல நின்னு ‘ராஜபாளையம், ராஜபாளையம்’னு கூப்பிடுதானே, அது மாதிரியா?” என்று கேட்டிருக்கிறார். “ஆமா, அதேதான். ஆனா உக்காந்துகிட்டு” என்று அம்மா பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். பட்டம் வாங்கின பெண்ணை இப்படியா சொல்வது என்று அன்றைக்கு அவளிடம் சாப்பிடாமல் கோபித்துக்கொண்டேன்.

படிப்பு முடிந்ததும் பேருந்து நிலையத்துக்கு எதிரே, செல்போன் கடை மாடியில் இருந்த ஒரு சிறிய நிறுவனத்தில் சேர்ந்தேன். நாங்கள் நான்கு பெண்கள், நான்கு கணினிகள். தலைப்பு எப்படி வைப்பது, பக்கத்தை எப்படிச் சுருக்கமாக விவரிப்பது, படத்துக்குப் பெயர் எப்படிக் கொடுப்பது என்பதையெல்லாம் ஆங்கிலக் காணொளிகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டோம். எனக்கு ஆங்கிலம் பாதிதான் புரியும். ஒரே காணொளியை ஆறு தடவை பார்ப்பேன். ஆறாவது தடவை மற்ற மூவருக்கும் நானே சொல்லிக்கொடுப்பேன்.

எங்கள் முதலாளி செல்லத்துரை சார். குரலை உயர்த்தவே மாட்டார். காலையில் வந்ததும் செருப்பை மாடிப்படிக்குக் கீழேயே விட்டுவிட்டு, வெறுங்காலோடு ஏறி வந்து, ஊதுபத்தி கொளுத்துவார். அதன் புகையைக் கணினித் திரைகளுக்கு முன்னால் ஒவ்வொன்றாகக் காட்டுவார். பிறகு தன் நாற்காலியில் உட்கார்ந்து, எந்தத் தளத்துக்கு நேற்று எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் வரைபடத்தைத் திறப்பார். கோடு மேலே போயிருந்தால் நாள் முழுவதும் நல்ல மனிதர். கீழே வந்திருந்தால் அந்தத் தளத்துக்குப் பொறுப்பான பெண்ணை அழைத்து, திரையில் விரலை வைத்து, அந்தச் சரிவைத் தடவிக்கொண்டே, “ஏம்மா, இந்த எடத்துல என்ன ஆச்சு?” என்று மெதுவாகக் கேட்பார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும்.

மாதம் முடிந்ததும் அந்த வரைபடத்தை வண்ணத்தில் அச்சடித்து, லேமினேட் செய்து, வாடிக்கையாளர் கடைக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுப்பார். யார் வந்தார்கள், எதற்கு வந்தார்கள், ஒருவராவது வாங்கினாரா என்று எந்தக் கடைக்காரரும் கேட்டதில்லை. ஏறுகிற கோட்டைப் பார்த்தால் எல்லோருக்கும் மனம் நிறைந்துவிடும். ஓர் அரிசிக் கடையில் அதைச் சாமி படங்களுக்கு நடுவே மாட்டி, உச்சியில் சந்தனப் பொட்டும் வைத்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன். படித்து முடித்து இதற்குத்தானா வந்தோம் என்று இருந்தது.

கோமதி அக்காவின் தளம் இந்த அலுவலகத்தில்தான் என் கைக்கு வந்தது. அக்காவுக்கு ஊருக்கு மேற்கே ஆறு விசைத்தறி உள்ள கூடம். நெய்த பருத்திச் சேலையெல்லாம் ஒரே வியாபாரிக்குப் போய், அவர் பெயர் ஒட்டி விற்பனையாகிக்கொண்டிருந்தது. எந்த நிறம், எந்தக் கரை என்பதையும் அவரே சொல்வார். ஒவ்வொரு தடவையும் நிறம் சரியில்லை என்று தகராறு. ஒரு சித்திரையில் அக்கா, “இனி என் சேலைய நானே வித்துக்கிடுதேன்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். வந்த பிறகுதான் யாரிடம் விற்பது என்ற கேள்வி எழுந்தது. அதற்காக எங்களிடம் வந்தார்.

செல்லத்துரை சாருக்கு அதில் குழப்பமே இல்லை. “சேலைன்னு தேடுனா லட்சம் கடை நிக்கும், நாம எங்கன நிக்கது? நம்ம ஊர்ப் பேரப் போட்டு எவன் தேடுதான்? கோயிலுக்கு வாரவன்தான் தேடுதான். அவனப் பிடி” என்றார்.

பிடித்தேன். இதில் என் பங்கை மறைக்க மாட்டேன். எங்கள் ஊர்க் கோயிலில் அம்பாளுக்குச் சாமி காட்சி கொடுக்கும் ஆடித்தபசுத் திருவிழா என்றைக்கு, காட்சி எத்தனை மணிக்கு, எந்த ஊரிலிருந்து எந்தப் பேருந்து, ரயில் எப்போது, எங்கே தங்கலாம் என்று ஒரு நீளமான பக்கம் எழுதினேன். கோயில் அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்டு, ஒவ்வொரு தகவலையும் சரிபார்த்து எழுதினேன். பக்கத்தின் மேலே அக்காவின் கைபேசி எண். கடைசியில் சேலைப் படங்கள். இரண்டே மாதத்தில் அந்தப் பக்கம் பட்டியலில் முதல் வரிக்கு வந்துவிட்டது. ஆடி மாதம் கோடு செங்குத்தாக ஏறியது. சார் அதைப் பெரிய தாளில் அச்சடித்தார். நானும் அதை ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஒரு சேலைகூட விற்கவில்லை.

ஆனால் அக்காவின் கைபேசி ஓயாமல் அடித்தது. “சாமி எத்தன மணிக்குக் காட்சி குடுக்கும்?” “சிவகிரிக்குக் கடைசி பஸ் எப்போம்?” “கோயில் பிரசாதப் புத்துமண்ணு கூரியர்ல அனுப்புவீங்களா?” ஓர் அம்மா பத்து நிமிடம் விடாமல், “ஆடிச்சுத்து நூத்தியெட்டும் சுத்தணுமா, முட்டு வலி இருக்கு, அம்பத்தொண்ணு போதுமா?” என்று கேட்டிருக்கிறார். அக்கா பொறுமையாக, “அம்பாளுக்குத் தெரியாதாம்மா உங்க முட்டு வலி, முடிஞ்ச மட்டும் சுத்துங்க” என்று சொல்லியிருக்கிறார்.

அடுத்த ஆடியிலும் அதே கதை. அதற்குள் அக்காவின் ஆறு தறிகளில் இரண்டுதான் ஓடின. சுற்றுப்பட்டுக் கடைகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து ஓட்டிக்கொண்டிருந்தார். நெசவாளர்கள் ஆவணி கடைசி வரை பார்ப்போம், பிறகு வேறு கூடத்துக்குப் போகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். நெசவாளர் போய்விட்டால் அக்கா மறுபடியும் அந்த வியாபாரியிடமே போய் நிற்க வேண்டும்.

அந்த ஆடியில்தான் நான் தவறு செய்தேன். தபசு ஒவ்வொரு வருடமும் வேறு தேதியில் வரும். பக்கத்தின் தலைப்பில் புதிய தேதியைப் போட்ட நான், உள்ளே அட்டவணையில் பழைய வருடத் தேதியை மாற்றாமல் விட்டுவிட்டேன். தபசு முடிந்து இரண்டாம் நாள் ஒரு வேன், மாவிளக்குச் சாமான், குழந்தைகள், ஒரு வயதான பெரியவர் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு வந்து ஊரில் நின்றது. தெருவில் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுதிய இணையப் பக்கத்தில் இருந்த முகவரியை விசாரித்து நேரே தறிக்கூடத்துக்கு வந்துவிட்டார்கள்.

நான் அப்போது அங்கே இருந்தேன். பெரியவர் வண்டியை விட்டு இறங்கியதும் கைபேசியை அக்கா முகத்துக்கு நேரே நீட்டினார். “தாயி, கோயில் பேரப் போட்டுச் சேல விக்கியளோ?” என்றார். அக்கா கைகூப்பினார். எல்லோரையும் உள்ளே உட்காரவைத்து, காப்பி போட்டுக் கொடுத்து, தானே உடன் போய் மாவிளக்கு ஏற்றவைத்து அனுப்பினார். தவறு என்னுடையது என்று பெரியவரிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

திரும்பி வந்ததும் அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “ஏட்டி, எனக்கு ஆளு கூப்பிடச் சொன்னா, சாமிக்கு ஆளு கூப்பிட்டிருக்கியே. சாமிக்கு ஆளு இல்லன்னா நான் அழுதேன்?”

பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன பேருந்து நிலையத்து ஆள்கூட ராஜபாளையம் போகிறவரைத்தான் ராஜபாளையம் பேருந்தில் ஏற்றுவார். நான் எல்லோரையும் ஏற்றியிருந்தேன். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் பாதி என் மேல். பாதி அந்தக் கோட்டின் மேல்.

மறுநாள் முதல் பத்து நாட்கள், அலுவலகத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டு, தறிக்கூடத்தில் அக்காவின் கைபேசியோடு உட்கார்ந்தேன். இதைப் படிக்கிற மாணவிகள் வேறு எதை மறந்தாலும் இந்த முறையை மறக்க வேண்டாம். ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டேன். வருகிற ஒவ்வொரு அழைப்பிலும் அவர் கேட்ட கேள்வியை அவருடைய சொற்களிலேயே எழுதினேன். நான் திருத்தவில்லை, சுருக்கவில்லை. இடப்பக்கம் கோயில். வலப்பக்கம் சேலை. இடப்பக்கம் பக்கம் பக்கமாக நிறைந்தது. வலப்பக்கத்தில் பத்து நாளில் ஏழே வரிகள்.

அந்த ஏழில் மூன்று, ஏறக்குறைய ஒரே கேள்வி. ஒன்று, பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவர்களுக்குச் சீருடைச் சேலை வாங்குகிறவருடையது. ஒன்று, ஒரு மருத்துவமனையில் துப்புரவுப் பணியாளர்களுக்கு வாங்குகிறவருடையது. மூன்றாவது, ஏதோ ஒரு மகளிர் குழு. கோயில் நேரம் கேட்கக் கூப்பிட்டவர்கள், பேச்சோடு பேச்சாக, “நீங்க சேலையும் போடுதீங்களா? இப்போம் இருவது வாங்குனா, அடுத்த வருஷம் புதுசா நாலு பேரு சேந்தா, அதே கலரு கிடைக்குமா?” என்று கேட்டிருந்தார்கள். கடைகளில் அது கிடைப்பதில்லை. ஒரே நீலம் அடுத்த சாயத்தில் வேறு நீலமாகிவிடும். புதிதாகச் சேர்ந்த நாலு பேர் வரிசையில் தனியாகத் தெரிவார்கள்.

நோட்டை அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். அக்கா எழுந்து போய் மூன்று பிஸ்கட் டின்களை எடுத்து வந்து திறந்தார். உள்ளே சாயம் போட்ட நூலில் சின்னச் சின்ன முடிச்சுகள். ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை; சாயக்காரர் எந்தச் சாயத்தை என்ன அளவில் போட்டார், எந்த மாதம் என்ற விவரம். அந்த வியாபாரி நிறத்தில் தகராறு செய்வார் என்பதற்காக, வருடக்கணக்காக ஒவ்வொரு சாயத்திலும் ஒரு முடிச்சு எடுத்து வைத்திருக்கிறார்.

“இத ஏன்க்கா மொதல்லயே சொல்லல?”

“நீ கேட்டியா? நீ பஸ் நேரம்லா கேட்ட.”

“அப்போம் அதே கலரு தர முடியுமா?”

“ஏன் முடியாது? பத்து வருஷம் கழிச்சுக் கேட்டாலும் தருவேன்.”

அதை அப்படியே எழுதினேன். பக்கத்தின் தலைப்பு, ‘சீருடைச் சேலை: அடுத்த வருடமும் அதே நிறம் கிடைக்குமா?’ முதல் வரி, ‘கிடைக்கும், பத்து வருடம் கழித்துக் கேட்டாலும் அதே நிறத்தில் நெய்து தருவோம்.’ கீழே பிஸ்கட் டின்னின் படம், முடிச்சுகளின் படம். நிறத்தைக் குழல்விளக்கில் பார்க்காமல் வெயிலில் பார்த்து ஒப்பிட வேண்டும் என்று அக்கா சொன்னதையும் சேர்த்தேன். பிறகு, யாரையும் கேட்காமல், கோயில் பக்கத்தை முழுவதுமாக அழித்தேன்.

கோடு விழுந்தது. செல்லத்துரை சார் என்னை அழைத்து, திரையில் விரலை வைத்தார். தடவ இடமே இல்லை. “ஏம்மா, இது என்ன, கெணறா?” என்றார். நோட்டைக் காட்டினேன். வாங்கிப் பார்க்கவில்லை. “ஏழு வரிய வச்சுக்கிட்டு ஆயிரக்கணக்கான ஆள வெரட்டியிருக்க” என்றார். குரல் அப்போதும் உயரவில்லை. ஆடியில் ஏறிய கோடு, இப்போது விழுந்த கோடு என்று இரண்டு வரைபடங்களையும் லேமினேட் செய்து எடுத்துக்கொண்டு, என்னையும் அழைத்துக்கொண்டு, அக்காவிடம் முறையிடப் போனார்.

அக்கா இரண்டையும் இரு கையில் வாங்கி மாறி மாறிப் பார்த்தார். “சார், கோடு மேல போனப்போ என் தறி நின்னுச்சு. இப்போம் கோடு கீழ போவுது. தறி ஓடுதான்னு பாத்துக்கிடுதேன்” என்றார். அதோடு நான் அந்த அலுவலகத்துக்குப் போகவில்லை. சார் போகச் சொன்னாரா, நானாகப் போனேனா என்பதில் இன்றும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு.

அடுத்த மூன்று வாரமும் தினமும் தறிக்கூடத்துக்குப் போய் அக்காவின் கைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் வாரம் அந்தப் பக்கத்துக்கு வந்தவர்கள் ஐந்து பேர். இரண்டாம் வாரம் ஒன்பது. கைபேசி அடிக்கவே இல்லை. நெசவாளர்களில் மூத்தவரான மாடசாமி அண்ணாச்சி, வெற்றிலையை மென்றுகொண்டே நான் போகும்போதெல்லாம் கேட்பார்: “என்ன கம்ப்யூட்டர் டீச்சர், ஆளு வருதா?”

“ஒம்பது பேரு வந்திருக்காங்க அண்ணாச்சி.”

“எங்கன? ஒருத்தரையும் காணுமே. தூணுக்குப் பின்னால நிக்காங்களோ?”

கூடமே சிரிக்கும். அவருக்கும் போக வேறு இடமில்லை என்பது எனக்குத் தெரியும். ஆவணி முடிய ஆறு நாள்தான் இருந்தது. ஒருவர் அதற்குள்ளேயே வேறு கூடத்தில் சேர்ந்துவிட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் கைபேசி அடித்தது. அக்கா எடுத்த எடுப்பில், எதிர்முனை வாயைத் திறப்பதற்குள், “நட சாத்தியாச்சும்மா, நாலு மணிக்கு மேல வாங்க” என்று சொல்லி வைக்கப் போனார். நான் பாய்ந்து கையைப் பிடித்தேன்.

“சேலைக்குத்தாம்மா கூப்பிடுதேன்” என்றது எதிர்முனை.

பக்கத்து மாவட்டத்தில் ஒரு பெண்கள் விடுதியின் பொறுப்பாளர். சமையல், துப்புரவு, காவல் எல்லாம் பெண்கள். கத்திரிக்காய் நிறத்தில் சீருடை. வாங்கிய கடையில் இப்போது அந்த நிறம் இல்லை. பத்து வருடம் என்று போட்டிருக்கிறீர்களே, உண்மையா என்று கேட்டார். பழைய சேலை ஒன்றைப் பேருந்து நடத்துநரிடம் கொடுத்து அனுப்பினார். அக்கா கரை மடிப்புக்குள் வெயில் படாத இடத்திலிருந்து ஓர் இழையை உருவி எடுத்துச் சாயக்காரரிடம் கொடுத்தார். சாயக்காரர் முதல் தடவை கொண்டுவந்தது சிவந்திருந்தது. இரண்டாவது கறுத்துவிட்டது. இரண்டையும் திருப்பி அனுப்பினார். மூன்றாவதை முற்றத்து வெயிலில் பழைய சேலை மேல் வைத்தோம். நூல் எங்கே இருக்கிறது என்று நான் தேட வேண்டியிருந்தது.

மாடசாமி அண்ணாச்சி குனிந்து பார்த்தார். “ஒரு ஆளு வந்திருச்சுபோலயே டீச்சர்” என்றார். அன்றைக்கு மாலையே தறிக்குப் பாவு, அதாவது நெடுக்கு நூல், அந்த நிறத்தில் போடச் சொல்லி அக்கா நூலுக்கு ஆள் அனுப்பினார். ஆவணி முடிந்தது, வேறு யாரும் போகவில்லை. ஐப்பசிக்குள் மருத்துவமனை ஒன்றும் மகளிர் குழுக்கள் சிலவும் வந்தன. போனவரும் திரும்பி வந்தார். ஆறு தறியும் அக்காவின் பெயரிலேயே ஓடின.

அதன் பிறகு நான் தனியாகத் தொழில் செய்தேன். குருவிகுளம் பக்கத்து ஆட்டுப் பண்ணைக்கும், கம்பு, சோளம் விற்கிறவர்களுக்கும் இதே நோட்டு முறைதான். எல்லா இடத்திலும் முதல் ஆறு மாதம் ஒரே சண்டை. “ஆளு கொறையுதே”, “பக்கத்துக் கடைக்காரனுக்குக் கோடு ஏறுதே.” வேண்டாதவர் வராமல் இருப்பது எவ்வளவு பெரிய லாபம் என்பதை ஒருவருக்கும் என்னால் புரியவைக்க முடிந்ததில்லை. வேண்டியவர் வந்த பிறகு யாரும் என்னைக் கேட்டதுமில்லை.

இப்போது அதுவும் போயிற்று. தேடுபொறியில் எதைக் கேட்டாலும், அது தானே பத்துத் தளங்களைப் படித்து, விடையை மேலேயே எழுதிக் கொடுத்துவிடுகிறது. கேட்டவர் அதைப் படித்துவிட்டுப் போய்விடுகிறார். தளத்துக்கு யார் வருவார்கள்? நான் அரசுத் தேர்வு எழுதி ஓர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்துவிட்டேன்.

சேர்வதற்கு முன் அக்காவிடம் சொல்லப் போனேன்.

“அக்கா, தளத்துக்கு ஆளே வாரதில்ல. போன மாசம் முழுக்க நாலு பேரு. அதுல ரெண்டு தடவ நானே போய்ப் பாத்தது.”

“போன் வருதே?”

“வரும். தேடுனா மேலயே வருது, பாருங்க” என்று என் கைபேசியில் தேடிக் காட்டினேன். சீருடைச் சேலைக்கு அடுத்த வருடமும் அதே நிறம் கிடைக்குமா என்ற கேள்விக்குக் கீழே, நான் எழுதிய வரி அப்படியே நின்றது. கீழே அக்காவின் கூடத்தின் பெயரும் எண்ணும். வாசித்துக் காட்டினேன். அக்கா இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

“பத்து வருஷம்னா எழுதின?”

“நீங்க சொன்னதுதானக்கா.”

“நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன்ட்டி. அத அப்படியேவா போடுவ?” அக்கா கூடத்தைக் காட்டினார். மூன்று தறிகளில் கத்திரிக்காய் நிறம் ஓடிக்கொண்டிருந்தது. “அந்த விடுதிக்காரிய விட்டா மாத்தவே மாட்டா. இந்தக் கலரப் பாத்துப் பாத்து எனக்குக் கண்ணு பூத்துப் போச்சு. மாடசாமி அண்ணாச்சி கத்திரிக்கா கொழம்பையே விட்டுட்டாரு. அந்த வரிய அழிச்சிரு.”

“நம்ம தளத்துல அழிச்சிருவேன். மேல காட்டுதது என் கையில இல்லக்கா.”

“ஒன் கையில இல்லன்னா யாரு கையில இருக்கு?”

பத்து வருட அனுபவம் உள்ளவள் நான். தெரியவில்லை என்று சொல்ல வாயெடுத்தபோது அக்காவின் கைபேசி அடித்தது. தறிச் சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, எதிர்முனையில் பேசியவர் முடிக்கும்வரை கேட்டார்.

“ஆமாம்மா, தருவோம்” என்றார். “பத்து வருஷம் கழிச்சுக் கேட்டாலும் தருவோம்.” சொல்லிவிட்டு, கைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே, என்னை முறைத்தார்.